எண் பொருந்தாத லித்கோ

நரேல் அந்த ஸ்வீடன் துப்பாக்கிக்கு ஆசைப்பட்டதற்கு ஒரே காரணம் லிண்ட்ஸே. அவன் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் யாண்டூரா சுடும் சங்கத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்று ஒரு போட்டி உண்டு. அந்த எட்டு வருஷமும் அதில் அவன்தான் முதல். அவள் ஒரே ஒரு முறை மூன்றாவதாக வந்தாள். மற்ற வருஷங்களைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

இத்தனைக்கும் இருவர் கையிலும் இருப்பது ஒரே ரகம். லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .303 ராணுவத் துப்பாக்கி, இரண்டும் நாற்பத்திரண்டாம் வருஷத்தது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்றாகப் போய் ஜோடியாக வாங்கி வந்தார்கள். மற்ற பெண்கள் ஜோடியாக நாற்காலி வாங்குவார்கள்.

"ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே காத்து. அப்புறம் எப்படிடி அவனுக்கு நாப்பத்து மூணு, எனக்கு முப்பத்தெட்டு?" என்று போட்டி முடிந்ததும் என்னிடம்தான் வருவாள். சங்கத்தில் மதிப்பெண் எழுதுகிறவள் நான். முழங்கால் போனதிலிருந்து தரையில் படுத்துச் சுடுவதை விட்டுவிட்டேன். தொலைநோக்கிக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

"கண்ணாடியை மாத்து."

"மாத்திட்டேன்."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சுடு."

"பிடிச்சுப் பிடிச்சு முகமே நீலமாயிடுச்சு பெரில். அஞ்சு குண்டு வலது பக்கம் போகுது, அஞ்சு இடது பக்கம் போகுது. நடுவுல ஒண்ணுமில்ல. நான் என்ன ரெண்டு பேரா படுத்துச் சுடறேன்?"

இந்த வருஷம் ஜூலையில் ஒருநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் ஹாரன் அடித்தாள். பின்சீட்டில் உறை போட்ட துப்பாக்கி.

"ஏறு. க்ளைவ் வீட்டுக்குப் போறோம். லித்கோவைக் குடுத்துட்டு அவரோட ஸ்வீடனை வாங்கிக்கப் போறேன்."

"அவர் தருவாரா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. அவரேதான் சொன்னார். வர்ற ஆகஸ்டுல அந்த ஆள் மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாரு."

க்ளைவ் கோதுமைக் கிடங்கில் எடை போட்டே ஓய்வு பெற்றவர். அவருடைய இரும்பு அலமாரியில் பதினோரு துப்பாக்கிகள் இருக்கின்றன. எதிலிருந்தும் அவர் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. எங்கள் ஊரில் இரண்டு விதமான ஆட்கள். சுடுகிறவர்கள் துப்பாக்கியில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்க்கமாட்டார்கள். சேர்த்து வைக்கிறவர்கள் எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்கள். க்ளைவ் இரண்டாவது வகையில் தலைமைப் பூசாரி.

சமையலறை மேசையில் போர்வையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழக் கேக்கைத் தள்ளி வைத்துவிட்டார், எண்ணெய்க் கை படக்கூடாதென்று. கேக்கைப் பற்றிய கவலை இல்லை அது, துப்பாக்கியைப் பற்றியது.

"இந்த ரஷ்யாக்காரன் எப்படி?" என்றாள் நரேல்.

"ஒரு காலத்துல நூறு டாலருக்குக் கிடைச்சுது. வேலிக்கு முட்டுக் குடுக்கக்கூட வாங்கினாங்க. இப்ப எழுநூறுக்குக் குறைஞ்சு வராது. குறியை அடிக்குதோ இல்லையோ, உன் தோளைச் சரியா அடிக்கும்."

"சுட்டுப் பாத்தீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"இந்த சுவிஸ்?"

"கடிகாரம் மாதிரி. போல்ட்டைத் திருப்பவே வேணாம், நேரா இழுத்து நேரா தள்ளினாப் போதும். கட்டையோட அடித்தகட்டுக்குக் கீழ, அதை வெச்சிருந்த சிப்பாய் பேரு எழுதின சீட்டுகூட இருக்கு. அந்தச் சீட்டுக்கே தனி விலை. ஆனா தோட்டா வாங்கணும்னா நீ ஆட்டு மந்தையை விக்கணும்."

"ஸ்வீடனை எடுங்க."

எடுத்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீளமான குழல், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் என்ற இரும்புத் தண்டு, அதிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பிடி, தேன் நிறக் கட்டை. கட்டையின் பின்பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதுல செஞ்சது. இந்த வில்லையைப் பாரு. குழல் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அவங்க ராணுவமே அளந்து குத்தி வெச்சிருக்கு. ஒண்ணுன்னா புதுசு, மூணுன்னா கிழம். இது ஒண்ணு."

"முந்நூறு கஜத்துல எப்படி?"

"நீ தும்மினாக்கூட நடுவுல விழும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"சுடறவங்கதான். எனக்கென்னம்மா தெரியும்? ஆனா ஒண்ணு, தோளுக்கு இதமா இருக்குமாம். உன் .303 மாதிரி உதைக்காது."

நரேல் அதைத் தோளில் வைத்து ஜன்னல் வழியாகக் கோழிக்கூண்டின் பக்கம் குறி பார்த்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவள் மனதில் அந்தக் கூண்டுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

"சரி. உன்னோடதைக் காட்டு" என்றார் க்ளைவ்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதலில் கட்டையைத் தடவினார். இங்கே லித்கோக்களில் பாதிக்கு மேல் கங்காரு சுடுவதற்கென்று முன்கட்டையை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். அறுத்தது போனது போனதுதான். நரேலுடையது அறுபடாதது. "ஆஹா" என்றார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து இன்னொரு "ஆஹா" போட்டார். குழல் அடியில் குத்தியிருந்த எண்ணை உரக்கப் படித்துச் சீட்டில் எழுதினார். பிறகு போல்ட்டை வெளியே இழுத்து, பிடியின் பின்புறத்தை வெளிச்சத்தில் திருப்பினார்.

மூன்றாவது ஆஹா வரவில்லை.

"அம்மணி, இது உன் துப்பாக்கியோட போல்ட் இல்லை."

"என்னது?"

"துப்பாக்கி அறுநூத்திப் பதினேழுல முடியுது. போல்ட் தொள்ளாயிரத்து நாலுல முடியுது. வேற துப்பாக்கிக்குச் செஞ்சது இது."

"அதனால என்ன? இத்தனை வருஷமா சுடுது."

"சுடும். ஆனா எண் ஒண்ணா இருந்தா ஆயிரத்து எண்ணூறு டாலர். இல்லேன்னா அதுல பாதி. பாதித் துப்பாக்கிக்கு நான் எப்படிம்மா முழு ஸ்வீடனைக் குடுப்பேன்? அந்த போல்ட்டைத் தேடிக் கொண்டா. அதுவரைக்கும் ஸ்வீடன் இங்கேயே இருக்கும். வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்."

அவர் கேக்கைப் பழையபடி நடுவில் வைத்தார். நரேல் சாப்பிடவில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"பிஸ்கட் டப்பா" என்றாள்.

எனக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் துப்பாக்கி ஓர் இடத்திலும் போல்ட் இன்னோர் இடத்திலும் பூட்டி வைக்கப்படும். திருடன் வந்தாலும் பாதிதான் கிடைக்கும். இவர்கள் வீட்டில் இரண்டு போல்ட்களையும் துணியில் சுற்றி ஒரே பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பிரிந்துபோன அன்று அந்தச் சமையலறையில் நானும் இருந்தேன். ஆடுகளை எண்ணிப் பிரித்தார்கள். கரண்டி, தட்டு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பிரித்தார்கள். டப்பாவைத் திறந்து, கைக்கு வந்த போல்ட் ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. திருப்பிப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சுடுகிறவர்கள்தானே!

"அப்ப என் போல்ட் அவன்கிட்ட இருக்கு."

"அவனோடது உன்கிட்ட இருக்கு."

"பெரில், எட்டு வருஷமா என் போல்ட்டை வெச்சுத்தான் அந்த ஆள் என்னைத் தோக்கடிச்சானா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

"நீயே போய்க் கேட்டு வாங்கிக் குடேன்."

"மாட்டேன்."

"எட்டு வருஷத்துல அந்த மனுஷன்கிட்ட நான் உப்புகூடக் கேட்டதில்ல, உனக்குத் தெரியும்."

"பிரியறப்போ நாய் யாருக்குங்கறதுக்கே என்னை நடுவரா உக்கார வெச்சீங்க. ரெண்டு பேரும் ஒரு மாசம் என்கூடப் பேசல. போதும்மா. ஸ்வீடன் வேணும்னா நீதான் கேக்கணும்."

அடுத்த சனிக்கிழமை சுடுதளத்தில் லிண்ட்ஸேதான் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், தொப்பி போட்டால் இன்னும் அரையடி. நரேல் ரொட்டித் துண்டை நீட்டிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். நடுவராக அல்ல, பசிக்காக.

"வெங்காயம் வேணுமா?"

"உன் போல்ட் எண் என்ன?"

"ஏன், அதையும் போடணுமா ரொட்டியில?"

"லிண்ட்ஸே, விளையாடாத. டப்பாவுலேர்ந்து எடுக்கறப்போ மாத்தி எடுத்துட்டோம். என்னோடது உன்கிட்ட இருக்கு."

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். "அட! பிரிஞ்சது நாம மட்டும்தான்னு நெனச்சேன். அதுங்களும் வீடு மாறிப் போச்சா?"

"குடுத்துடு. உன்னோடதை நான் தர்றேன்."

"எதுக்குக் குடுக்கணும்? எட்டு வருஷம் ஜெயிச்சுக் குடுத்த போல்ட் அது. நல்லா பழகிடுச்சு என்கூட. உன்கூட இருந்திருந்தா என்னாயிருக்குமோ!"

"யோவ்!"

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த க்ளைவ் தலையைத் தூக்கினார். "லிண்ட்ஸே, போன கிறிஸ்துமஸ்ல உன் லித்கோ ரெண்டாயிரம் போகும்னு பாரில உக்காந்து சொன்னியே?"

"போகும். ஏன்?"

"போகாதுப்பா. உன்னோடதும் எண் பொருந்தாததுதானே? தொள்ளாயிரம். நல்ல மனசுக்காரன் வந்தா ஆயிரம்."

அடுப்பில் ஒரு சாசேஜ் கருகியது. லிண்ட்ஸே அதைக் கவனிக்கவில்லை.

"எதுக்குத் திடீர்னு எண்ணைத் தேடற?" என்று நரேலைக் கேட்டான்.

"க்ளைவோட ஸ்வீடனுக்கு மாத்திக்கப் போறேன்."

"ஓஹோ. ஸ்வீடனை வெச்சு என்னை அடிக்கப் போறியா?"

"ஆமா."

மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். கருகின சாசேஜைத் தன் ரொட்டியிலேயே வைத்துக்கொண்டான்.

"சரி, மாத்திக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். இந்த ஆகஸ்டு போட்டியை நீ லித்கோவோடயே சுடணும், உன் சொந்த போல்ட்டைப் போட்டு. அப்புறம் ஸ்வீடனோ நார்வேயோ, எங்க வேணும்னாலும் ஓடு."

"நான் எங்கேயும் ஓடல."

"அப்ப சுடு."

க்ளைவுக்கும் அது சம்மதம். எண் ஒன்றாகிவிட்டால் எப்போது கொடுத்தால் என்ன? எப்படியும் துப்பாக்கி கைமாறப் போலீஸ் அனுமதி வந்து சேர நாளாகும்.

போல்ட் மாற்றுவது விளக்கு பல்பு மாற்றுவது போல அல்ல. தோட்டா வெடிக்கும்போது அந்த அழுத்தத்தையெல்லாம் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதனால் திங்கட்கிழமை இருவரும் இரண்டு வண்டிகளில், ஒருவர் பின்னால் ஒருவராக, பெரிய ஊரில் இருக்கும் ஃபப்ரோவின் பட்டறைக்குப் போனார்கள். ஒரே வண்டியில் போயிருக்கலாம் என்று நான் சொன்னதற்கு இருவருமே என்னை முறைத்தார்கள். நான் நரேலோடு போனேன்.

ஃபப்ரோ துப்பாக்கி பழுது பார்க்கிறவர், குட்டையானவர், எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பார். முதலில் மாறின போல்ட்களோடேயே, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளவுக் கட்டை போட்டுப் பார்த்தார். பிறகு போல்ட்டின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு அதைப் பூட்டிப் பிடிக்கும் காதுகளில் நீல மையைத் தடவி, பூட்டித் திறந்து, எங்கே மை அழிந்திருக்கிறதென்று எங்களுக்குக் காட்டினார்.

"லிண்ட்ஸே, உன்னோடதுல ரெண்டு காதும் ஓரளவுக்கு உக்காந்திருக்கு. உனக்கு நல்ல நேரம். அம்மா, உங்களோடதைப் பாருங்க. ஒரு காது மட்டும்தான் தாங்குது. இன்னொண்ணு சும்மா வேடிக்கை பாக்குது."

"அதனாலதான் ரெண்டு பக்கமா சிதறுதா?" நரேல் குரல் உயர்ந்தது.

"வேறெதனால?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "கண்ணாடியை மாத்துன்னியே!"

"மூச்சையும்தான் பிடிக்கச் சொன்னேன்" என்றேன்.

"இதை மாத்திப் போட்டது யாரு?" என்று ஃபப்ரோ கேட்டார்.

அவள் அவனைக் காட்டினாள். அவன் அவளைக் காட்டினான்.

"யாரா இருந்தாலும், அளவு மயிரிழையில தப்பிச்சிருக்கு. அதனாலதான் ரெண்டு பேரும் இன்னும் முழுசா நின்னு சண்டை போடறீங்க." சொந்த போல்ட்களைப் போட்டு மறுபடி மை தடவினார். இந்த முறை இரண்டு துப்பாக்கியிலும் இரண்டு காதுகளும் ஒன்றுபோல மையைத் துடைத்திருந்தன. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். விருந்தில் பாத்திரம் மாறிப்போய்த் திரும்பக் கிடைத்த மாதிரி ஒரு திருப்தி எல்லோர் முகத்திலும்.

போட்டி ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. இங்கே அது குளிர்காலம், காலையில் புல்லெல்லாம் உறைபனி. பத்து மணிக்கு வெயில் வந்தது, காற்று இல்லை. முந்நூறு கஜம், பத்து குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஐந்து. இலக்குக்குக் கீழே குழியில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்குப் பலகையைக் கீழே இறக்கி, துளையில் வட்டு செருகி மேலே தூக்குவார்கள். நான் பார்த்து, சத்தமாகச் சொல்லி, எழுதவேண்டும்.

லிண்ட்ஸே முதலில் சுட்டான். நாற்பத்தாறு. அவனுக்கே இதுவரை வராத எண்ணிக்கை. எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "சொந்த போல்ட் சொந்த போல்ட்தான்" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி.

நரேல் பாயில் படுத்தாள். பழக்கத்துக்கு இரண்டு குண்டு சுட்டாள். பிறகு கணக்குக்கு.

"ஐந்து" என்றேன். பலகை இறங்கி ஏறியது. "நான்கு." மறுபடி, "ஐந்து." ஐந்தாவது குண்டுக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தன. இடதுமில்லை, வலதுமில்லை. ஒரு தட்டால் மூடிவிடலாம். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். க்ளைவ்கூடத் தேநீரை வைத்துவிட்டு வந்து நின்றார்.

ஒன்பது முடிந்தபோது நாற்பத்தொன்று. கடைசியில் ஐந்து விழுந்தால் சமன்.

நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். சத்தம் கேட்டது. பலகை இறங்கியது. லிண்ட்ஸே என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலே என் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். பலகை ஏறியது.

"நாலு" என்றான் அவன். மூச்சை விட்டான். அது எனக்குக் கேட்டது.

நாற்பத்தைந்து. இரண்டாவது இடம். நரேல் எழுந்து, போல்ட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, முழங்காலைத் தட்டினாள். நான் அழுவாளோ என்று பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாளைக்கே அனுமதிக்கு எழுதிடவா அம்மணி?" என்றார் க்ளைவ்.

"ஒரு வாரம் குடுங்க க்ளைவ். யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? இதுலயே நாப்பத்தஞ்சுன்னா அதுல அம்பதே அடிப்ப நீ!"

"ஒரு வாரம்" என்றாள்.

வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவள் வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவரும் பூசணி போட்ட ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்ணெய் தடவிக்கொண்டே பேசினாள்.

"நரேல், ஒரு சங்கடம்மா." க்ளைவ் குரல். "உனக்குத்தான் முதல் வாக்குக் குடுத்திருக்கேன். நீ வேணும்னா உனக்குத்தான். ஆனா இன்னொரு ஆள் வந்து நிக்கறான், அதே மாதிரி லித்கோ, எண் பொருந்தினது, கட்டை அறுக்காதது. ஸ்வீடனுக்கு மாத்திக்கணும்னு கேக்கறான்."

"யாரு?"

"சொல்லவேணாம்னு சொன்னான்."

"ஆறரை அடி இருப்பானா, தொப்பியோட?"

அந்தப் பக்கம் க்ளைவ் இருமினார்.

"எதுக்கு வேணுமாம்?" என்று கேட்டாள்.

"சும்மா, ஒரு மாறுதலுக்காம். .303 தோள் வலிக்குதாம். வயசாயிடுச்சாம்."

"எத்தனை தடவை வந்தான்?"

"திங்கட்கிழமையிலேர்ந்து தினமும் வர்றான்மா. நேத்து கேக்குகூடக் கொண்டு வந்தான்."

நரேல் கத்தியைத் தட்டில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண் இரண்டும் கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி எரிந்தன.

"குடுத்துடுங்க க்ளைவ்."

"நிஜமாவா? அப்புறம் வருத்தப்படமாட்டியே?"

"நல்லா துடைச்சு, எண்ணெய் போட்டுக் குடுங்க. வாங்கறப்போ அவன் கையை மட்டும் பாருங்க, நடுங்குதான்னு."

போனை வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்! மேசை ஆடி என் தேநீர் சிந்தியது. எட்டு வருஷச் சிரிப்பு அது.

"பயந்துட்டான்டி பெரில்! ஒரே ஒரு பாயிண்ட். அதுக்கே லித்கோவை விட்டுட்டு ஓடறான்!"

"அதெல்லாம் சரி. அந்த ஸ்வீடன் நெஜமாவே நல்லா சுடும்னு சொல்றாங்க. அடுத்த ஆகஸ்டுல அவன்தான் ஜெயிப்பான். அப்புறம்?"

"ஜெயிக்கட்டும். ஜெயிச்சா ஸ்வீடன் ஜெயிச்சுதுன்னு சொல்லுவேன். சாசேஜ் வரிசையில சொல்லுவேன், பாரில சொல்லுவேன், அவன் வீட்டு வாசல்ல நின்னு சொல்லுவேன். தோத்தான்னா..." அதை அவளால் முடிக்கமுடியவில்லை. மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

நான் துணி எடுத்து மேசையைத் துடைத்தேன். அவள் இன்னொரு ஸ்கோனைப் பிளந்து பாதியை என் தட்டில் வைத்தாள்.

"உன் பையில அந்த மதிப்பெண் தாள் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"கடைசிக் குண்டு, அந்த நாலு. எங்க விழுந்துச்சு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "மேல, வலது பக்கம். நடு வட்டத்துக் கோட்டைத் தொடாம ஒரு விரல்கடை தள்ளி."

"விசையை வெடுக்குனு இழுத்துட்டேன்" என்றாள். "கடைசி நொடியில அவசரப்பட்டுட்டேன். சரி, அதுக்கு முன்னால விழுந்த நாலு எங்க?"